கேட் கன்னிங்ஹாம் எவ்வளவு தூரம் போவார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் பாயின்ட் கார்டு கேட் கன்னிங்ஹாம் பற்றி பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. ஒரு பக்கம், "இவர்தான் அடுத்த எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர்." இன்னொரு பக்கம், "நல்ல ஆட்டக்காரர், ஆனால் இதற்கு மேல் போக மாட்டார்." நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். 2025-26 சீசனின் முதல் ஒன்றரை மாதம் வரை பார்த்ததை வைத்து எழுதியது.

கன்னிங்ஹாம் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2001 செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் பிறந்தவர். உயரம் 6 அடி 6 அங்குலம். பள்ளியின் கடைசி வருடம் ஃப்ளோரிடாவின் மான்ட்வெர்ட் அகாடமியில். அந்த அணி ஆடிய 25 ஆட்டத்தையும் ஜெயித்தது. இன்று டொராண்டோவில் ஆடும் ஸ்காட்டி பார்ன்ஸும் அதே அணிதான். பிறகு ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருடம். அங்கே அவருடைய அண்ணன் துணைப் பயிற்சியாளராக இருந்தார். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021இல் பிஸ்டன்ஸ் முதல் ஆளாக இவரை எடுத்தது.

பாயின்ட் கார்டு என்பவரின் வேலை என்ன?

பந்தை மேலே, அதாவது எதிரணி தடுக்கும் வளையத்தின் பக்கம், கொண்டுவருவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது, ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது. முன்பெல்லாம் அணியிலேயே குள்ளமானவர் இந்த வேலையைச் செய்தார். பிஸ்டன்ஸின் பழைய நாயகன் ஐசேயா தாமஸ் 6 அடி 1 அங்குலம்தான். மேஜிக் ஜான்சன் மாதிரி 6 அடி 9 அங்குல பாயின்ட் கார்டு அப்போது அதிசயம். இன்று உயரமானவர்களே பந்தைக் கையாள்கிறார்கள். கன்னிங்ஹாம் அந்த வரிசையில் வருபவர்.

அவருடைய ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்? பார்த்தால் மெதுவாகத்தான் ஓடுகிறார்.

அந்த மெதுவில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு காட்சியைச் சொல்கிறேன், ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்துப் பதினைந்து முறை வரும்.

பிஸ்டன்ஸின் சென்டர் ஜேலன் டூரன் மேலே வந்து ஸ்க்ரீன் போடுகிறார், அதாவது தடுப்பவரின் வழியை மறித்து நிற்கிறார். கன்னிங்ஹாமைத் தடுப்பவர் டூரன் மேல் முட்டி அரை நொடி பின்தங்குகிறார். வேகமான கார்டு என்றால் அந்த அரை நொடியில் வளையத்தை நோக்கிப் பாய்ந்துவிடுவார். கன்னிங்ஹாம் அப்படிச் செய்வதில்லை. ஒரு அடி வைத்து நின்றுவிடுகிறார். பின்னால் ஓடிவருபவர் வந்து அவர் முதுகில் ஒட்டிக்கொள்கிறார். அப்படியே அவரைத் தன் இடுப்பிலேயே மாட்டிவைத்துக்கொண்டு, பந்தை மெல்லத் தட்டியபடி, எதிரே நிற்கும் உயரமான சென்டரைப் பார்க்கிறார். இப்போது இரண்டு பேருக்கு எதிராக ஒருவர்தான் தடுக்கிறார். அந்த சென்டர் முன்னால் வந்தால் பந்து மேலே பறக்கிறது, டூரன் அதை வளையத்துக்கு மேலே பிடித்து உள்ளே திணிக்கிறார். வராமல் பின்வாங்கினால் கன்னிங்ஹாமே பத்து பன்னிரண்டு அடியில் நின்று எறிகிறார். மூலையில் நிற்பவரைத் தடுப்பவர் உதவிக்கு ஒரு அடி உள்ளே வந்தால், பார்க்காமலே மூலைக்குப் பாஸ் போகிறது.

இதில் அவர் உயரம் பெரிய உதவி. 6 அடி 2 அங்குல கார்டுக்கு இரண்டு பேர் முன்னால் நின்றால் மூலை தெரியாது. கன்னிங்ஹாமுக்கு அவர்கள் தலைக்கு மேலே எல்லாம் தெரிகிறது. வேகத்தை நம்பி ஆடுபவரின் கால் 30 வயதில் தளரும். கண்ணையும் உடம்பின் அகலத்தையும் நம்பி ஆடுபவருக்கு அந்தக் கவலை குறைவு. அவர் இன்னும் வளர்வார் என்று நான் நம்ப முதல் காரணம் இது.

எண்களைச் சொல்லுங்கள்.

முதல் சீசன் 2021-22: ஆட்டத்துக்கு 17.4 புள்ளி, 5.6 அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்). 2023-24: 22.7 புள்ளி, 7.5 அசிஸ்ட். 2024-25: 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட், 6.1 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). அந்த வருடம்தான் முதல் ஆல்-ஸ்டார் தேர்வு, சீசனின் சிறந்த பதினைந்து பேரை மூன்று அணிகளாகப் பிரித்துத் தரும் கௌரவமான ஆல்-என்பிஏவில் மூன்றாம் அணியிலும் இடம். நடுவில் 2022-23இல் 12 ஆட்டம் மட்டுமே. ஏன் என்று கீழே வருகிறது.

நல்ல ஆட்டக்காரர் என்றால், அவர் இருந்தும் 28 ஆட்டம் தொடர்ச்சியாகத் தோற்றார்களே?

இதுதான் அவர் மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு. பதில் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023-24இல் பிஸ்டன்ஸ் 14 ஜெயித்து 68 தோற்றது. அதற்குள் 28 தொடர் தோல்வி. ஒரே சீசனுக்குள் இவ்வளவு நீளமாக எந்த என்பிஏ அணியும் தோற்றதில்லை. அந்த டிசம்பரில் ஒரு ஆட்டம் எனக்கு மறக்காது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ப்ரூக்ளின் நெட்ஸுக்கு எதிராக டெட்ராய்டில். இந்திய நேரத்துக்கு விடிகாலை. இதில் தோற்றால் 27, ஒரு சீசனின் மோசமான சாதனை. கன்னிங்ஹாம் 41 புள்ளி எடுத்தார், அதில் 37 இரண்டாவது பாதியில் மட்டும். அவர் எறிவதெல்லாம் உள்ளே போகிறது. மற்ற நால்வரையும் பார்த்தால் பந்து தங்களிடம் வந்துவிடுமோ என்று பயந்து நிற்பது போல இருக்கிறது. அப்படியும் தோற்றார்கள், 118-112. அடுத்து பாஸ்டனிடம் ஓவர்டைமில் தோற்று 28 ஆனது. டிசம்பர் 30 அன்று டொராண்டோவை 129-127 என்று ஜெயித்துத்தான் மூச்சு விட்டார்கள்.

அந்த அணியில் தூரத்திலிருந்து எறியத் தெரிந்தவர்கள் குறைவு. மூலையில் நிற்பவர் எறிய மாட்டார் என்று தெரிந்தால், அவரைத் தடுப்பவர் கவலையில்லாமல் உள்ளே வந்து கன்னிங்ஹாமை அடைத்துக்கொள்வார். மேலே நான் சொன்ன இரண்டுக்கு ஒன்று காட்சி அங்கே நடக்கவே நடக்காது. உள்ளே எப்போதும் மூன்று பேர் நின்றார்கள்.

2024 கோடையில் பயிற்சியாளர் மாண்டி வில்லியம்ஸ் போய் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். டோபியஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி சேர்ந்தார்கள். பீஸ்லி அந்த சீசனில் 319 மூன்று புள்ளி ஷாட் போட்டார்! மூலை நிறைந்தது, நடுவில் இடம் கிடைத்தது. 14 வெற்றி 44 ஆனது. கன்னிங்ஹாம் அதே ஆள்தான், அதே மெதுவான நடைதான். 28 தோல்வியில் அவர் பங்கு இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தோல்வியை அவர் தலையில் கட்டுபவர்கள் 44 வெற்றியையும் அவர் கணக்கில் எழுத வேண்டும். பாதியை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

எனக்கு அந்த வருடம் பிடித்தது வேறொன்று. அவ்வளவு தோற்றும் அவர் யாரையும் கைகாட்டவில்லை. வேறு அணிக்கு மாற்றிவிடச் சொல்லி ட்ரேட் கேட்கவில்லை. 2024 ஜூலையில் அதே ஊரில் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார்.

அந்த ஒப்பந்தம் எவ்வளவு?

22.4 கோடி டாலர் என்று போட்டது, அடுத்த வருடமே ஆல்-என்பிஏ அணியில் இடம் பிடித்ததால் 26.9 கோடி டாலராக உயர்ந்தது. இளம் ஆட்டக்காரர் இப்படிப் பெரிய விருது வாங்கினால் கூடுதல் சம்பளம் தரும் விதிக்கு ரோஸ் ரூல் என்று பெயர், டெரிக் ரோஸ் பெயரால் வந்தது. இப்போது இந்த விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. கன்னிங்ஹாம் 70 ஆடினார்.

பந்தை அதிகம் தொலைக்கிறார் என்கிறார்களே?

உண்மை. 2024-25இல் ஆட்டத்துக்கு 4.4 டர்னோவர், அதாவது பந்தை எதிரணியிடம் தொலைத்த தடவைகள். இது அதிகம். அதே சீசனில் இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் 9.2 அசிஸ்ட் கொடுத்து 1.6 தடவைதான் பந்தைத் தொலைத்தார். ஓக்லஹோமா சிட்டியின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 32.7 புள்ளி எடுத்து 2.4 தான். இவர்கள் பக்கத்தில் கன்னிங்ஹாமை வைத்தால் கண்ணை உறுத்துகிறது.

ஆனால் இதை வைத்து மட்டும் "இவர் மேலே போக முடியாது" என்று முடிவு கட்டுவது தவறு. ஜேம்ஸ் ஹார்டன் 2018இல் எம்விபி ஆன சீசனிலும் ஆட்டத்துக்கு இதே 4.4 தான். ரஸல் வெஸ்ட்புரூக் 2017இல் எம்விபி ஆனபோது 5.4. பந்து எப்போதும் ஒருவர் கையில் இருந்தால் அதிகம் தொலைப்பவரும் அவராகத்தான் இருப்பார்.

கன்னிங்ஹாம் வந்த வழியையும் பாருங்கள். கல்லூரியில் அவருக்கு அசிஸ்ட் 3.5, டர்னோவர் 4.0. கொடுத்ததை விடத் தொலைத்தது அதிகம். டிராஃப்டுக்கு முன் இதைத்தான் எல்லோரும் சுட்டிக்காட்டினார்கள். என்பிஏ முதல் சீசனில் ஒரு டர்னோவருக்கு ஒன்றரை அசிஸ்ட். இப்போது இரண்டுக்கு மேல். இந்தத் திசை எனக்கு நம்பிக்கை தருகிறது.

தொலைப்பதிலும் வகை உண்டு. டூரனுக்கு மேலே தூக்கிப் போடும் பாஸ் நான்கில் ஒன்று தப்பினால் கவலையே இல்லை. மற்ற மூன்றும் டங்க். எனக்குப் பிடிக்காத வகை ஒன்று இருக்கிறது. நான்காவது குவார்ட்டரில் இரண்டு பேர் சேர்ந்து அவரை மேலேயே மடக்கும்போது, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கையால் எதிர் மூலைக்கு எறிகிறார். அந்தப் பாஸ் அரை நொடி அதிக நேரம் காற்றில் மிதக்கிறது. எதிரணி பிடித்துவிட்டால் நேராக ஓடிப் போய் இரண்டு புள்ளி. அங்கே பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் போதும். இதை அவர் விட்டாரானால் 4.4 என்பது 3.5 ஆகிவிடும், பிறகு இந்தக் கேள்வியே எழாது.

2024-25இல் இன்னொரு காரணமும் இருந்தது. பந்தைக் கையாளும் இன்னொரு கார்டு ஜேடன் ஐவி புத்தாண்டு தினத்தில் கால் எலும்பு உடைந்து வெளியேறினார். பிப்ரவரியில் டென்னிஸ் ஷ்ரூடர் வரும் வரை சுமை முழுக்க இவர் மேல்தான்.

தூரத்திலிருந்து எறிவது எப்படி?

சுமார், முன்பை விட நல்லது. முதல் சீசனில் மூன்று புள்ளி ஷாட்டில் 31.4 சதவீதம். 2024-25இல் 35.6. இதற்கு மேல் இரண்டு சதவீதம் ஏறினால் பெரிய மாற்றம் வரும். காரணம் இதுதான்: இப்போது ஸ்க்ரீன் போட்டால் தடுப்பவர் அதற்குப் பின்புறமாகச் சுற்றி வருகிறார், "எறி பார்க்கலாம்" என்கிற மாதிரி. ஸ்டீஃபன் கரியிடமோ டேமியன் லில்லார்டிடமோ அப்படிச் செய்ய யாருக்கும் தைரியம் வராது. கன்னிங்ஹாமிடமும் அப்படிச் செய்ய முடியாது என்ற நிலை வந்தால், மேலே சொன்ன டூரன் காட்சி இன்னும் சுலபமாகும். அவருடைய மிட் ரேஞ்ச் ஷாட், அதாவது நடுத் தூரத்திலிருந்து எறிவது, ஏற்கெனவே நம்பத் தகுந்தது. ஃப்ரீ த்ரோவும் 84 சதவீதத்துக்கு மேல். கை நல்ல கை, அதனால் இது வரும் என்றுதான் நினைக்கிறேன்.

46 புள்ளி டிரிபிள் டபுள் என்று ஒரு ஆட்டம் சொல்கிறார்களே, அது அவ்வளவு பெரிய ஆட்டமா?

2025 நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிராக. 46 புள்ளி, 12 ரீபவுண்ட், 11 அசிஸ்ட்; மூன்றும் இரட்டை இலக்கம், அதனால்தான் டிரிபிள் டபுள். ஓவர்டைமில் 137-135 என்று வெற்றி. ஆனால் 45 தடவை எறிந்து 14 தான் உள்ளே போனது.

இரண்டு கட்சிக்காரர்களும் இந்த ஒரே ஆட்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். "கை ஓடாத நாளிலும் விடாமல் ஆடி ஜெயித்துக்கொடுத்தார்" என்கிறது ஒன்று. "பலவீனமான அணிக்கு எதிராக 31 ஷாட்டை வீணடித்தார்" என்கிறது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் அதிகம். அவர் பலமே சரியான முடிவு எடுப்பது. 20 தடவை தவறிய பிறகு இன்னொருவருக்குக் கொடுப்பதும் முடிவுதான். அன்று அதை அவர் செய்யவில்லை.

அதற்கு அடுத்த சில ஆட்டங்கள் இடுப்புக் காயத்தால் அவர் ஆடவில்லை. அவர் இல்லாமலும் அணி ஜெயித்தது. அந்தத் தொடர் வெற்றி 13 வரை போய் அணியின் பழைய சாதனையைத் தொட்டது. இதைச் சிலர் அவருக்கு எதிராகச் சொல்கிறார்கள். எனக்கோ சந்தோஷம். 2023இல் தனியாகச் சுமந்தவருக்கு இப்போது தோள் கொடுக்க ஆள் இருக்கிறது.

காயம் பயமுறுத்துகிறதா?

கொஞ்சம். 2022-23இல் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல், அறுவை சிகிச்சை, அதனால்தான் 12 ஆட்டம். பிறகு திரும்பி வந்து 62, அடுத்து 70. விரிசல் பிரச்சினை மறுபடி வரவில்லை.

பிஸ்டன்ஸ் ரசிகர்கள் இந்த விஷயத்தில் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் கிராண்ட் ஹில் என்று ஒருவர் இங்கே ஆடினார். உயரமானவர், பந்தைக் கையாள்பவர், பாஸ் கொடுப்பவர். கன்னிங்ஹாமுக்கு முன்னோடி மாதிரி. 2000இல் கணுக்கால் உடைந்தது; அதற்குப் பிறகு பழைய ஹிலை யாரும் பார்க்கவில்லை. சிகாகோவில் டெரிக் ரோஸ் 22 வயதில் எம்விபி, மறு வருடம் 2012 பிளேஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முழங்கால் தசைநார் அறுந்தது. ரோஸின் ஆட்டம் முழுக்க வெடிப்பு, திடீர்த் திருப்பம், தாவல். முழங்கால் போனதும் ஆட்டமே போனது. கன்னிங்ஹாமின் ஆட்டம் அப்படி இல்லை என்பது ஒரு ஆறுதல். இன்னொரு ஆறுதல் கரி. 2011-12இல் கணுக்கால் காயத்தால் அவர் ஆடியது 26 ஆட்டம். 2015இல் எம்விபி, சாம்பியன்.

24 வயது ஆகிவிட்டது. இன்னும் வளர நேரம் இருக்கிறதா?

நிறைய. பாயின்ட் கார்டு மெதுவாகப் பழுக்கும் இடம். எதிரணி எப்படி ஆடும், கூட ஆடுபவர் எந்தக் காலில் இருந்து குதிப்பார் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் வரும். ஸ்டீவ் நாஷ் முதல் எம்விபி வாங்கியது 31 வயதில். ஷே 2018 டிராஃப்டில் 11ஆவது ஆள், முதல் சீசனில் 10.8 புள்ளி. 2025இல் எம்விபியும் கோப்பையும் வாங்கும்போது வயது 26.

பிஸ்டன்ஸின் சான்சி பில்லப்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் மூன்றாவது ஆளாக எடுத்த பாஸ்டன், முதல் சீசன் முடிவதற்குள்ளேயே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. பல அணிகள் சுற்றி 2002இல் டெட்ராய்ட் வந்தார். 2004இல் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். 24 வயதில் அவரைப் பார்த்து யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. கன்னிங்ஹாம் அதே வயதில் எவ்வளவோ மேலே இருக்கிறார்.

ஷே, லூகா அளவுக்கு வருவாரா?

லூகா டோன்சிச்சுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் பொருத்தம். இருவரும் உயரம், இருவரும் மெதுவாக ஆடி எதிரணியைத் தங்கள் வேகத்துக்கு இழுப்பவர்கள். ஆனால் லூகா 2023-24இல் ஆட்டத்துக்கு 33.9 புள்ளி எடுத்தார். அவ்வளவு தூரம் கன்னிங்ஹாம் போவார் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் அடி வைத்து எறியும் அந்த மூன்று புள்ளி ஷாட் லூகாவுக்கு ஆயுதம், இவருக்கு அவசரத் தேவைக்கு மட்டும். தடுப்பாட்டத்தில் கன்னிங்ஹாம் மேல். அது எண்களில் வராது, நான்காவது குவார்ட்டரில் தெரியும்.

ஷே வேறு ரகம். ஒரே வேகத்தில் ஆடாமல் நின்று, போய், மறுபடி நின்று யாரையும் கடந்துவிடுகிறார், பந்தும் தொலைவதில்லை. ஒருவருக்கு எதிராக ஒருவர் என்றால் ஷேயைக் கன்னிங்ஹாம் தொட முடியாது. மற்ற நால்வரையும் நன்றாக ஆடவைப்பதில் கன்னிங்ஹாம் ஒரு படி மேல் என்பேன். ஷே ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

பிளேஆஃபில் தேறுவாரா?

2025இல் முதல் முறையாக ஆடினார், நியூயார்க் நிக்ஸிடம் 4-2 என்று தோல்வி. ஆனால் அந்த ஆறு ஆட்டத்தில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை உறுதிப்பட்டது.

இரண்டாவது ஆட்டம், மேடிசன் ஸ்குயர் கார்டன். நமக்கு ஏப்ரல் 22, காலை ஐந்து மணி. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், குடிக்க மறந்து ஆறிப் போனது. பிஸ்டன்ஸ் 2008க்குப் பிறகு ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை, தொடர்ந்து 15 தோல்வி. முதல் ஆட்டத்தில் நான்காவது குவார்ட்டரில் நிக்ஸ் 21-0 என்று ஓடி முன்னிலையைப் பறித்திருந்தது. அன்றும் கடைசியில் 94-94 என்று நிக்ஸ் சமன் செய்தபோது, போச்சு, மறுபடி அதே கதை என்றுதான் நினைத்தேன். கன்னிங்ஹாம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பந்தை வாங்கி, வழக்கம் போல நடந்தே மேலே வந்தார். ஷ்ரூடர் ஒரு மூன்று புள்ளி ஷாட்டைப் போட, 97-94; முடிவில் 100-94. கன்னிங்ஹாம் கணக்கில் 33 புள்ளி, 12 ரீபவுண்ட். அந்த அரங்கம் சத்தமே இல்லாமல் கலைந்ததைப் பார்த்தேன்.

நான்காவது ஆட்டம் வலித்தது. 94-93 என்று நிக்ஸ் முன்னே. கடைசி நொடிகளில் கன்னிங்ஹாம் தனக்கு மிகவும் பழகிய மிட் ரேஞ்ச் இடத்துக்கு வந்து எறிந்தார், தவறியது. சிதறிய பந்து மூலையில் ஹார்டவேயிடம் போனது, அவர் எறியும்போது எதிராளி மோதினார், விசில் ஊதவில்லை. ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று நடுவர்களே ஆட்டம் முடிந்ததும் ஒப்புக்கொண்டார்கள். ஆறாவது ஆட்டத்தில் நிக்ஸின் கார்டு ஜேலன் பிரன்சன் கடைசி நொடிகளில் போட்ட ஷாட்டில் தொடர் முடிந்தது.

பிரன்சனுக்கும் கன்னிங்ஹாமுக்கும் அந்தத் தொடரில் இருந்த வித்தியாசம் அந்தக் கடைசி ஒரு நிமிடம்தான். பிரன்சன் தனக்கான இடத்தை உருவாக்கிக்கொண்டு எறிந்தார். கன்னிங்ஹாம் கிடைத்த இடத்தில் எறிந்தார். அதைக் கற்றுக்கொள்ள பிளேஆஃப் தவிர வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

ஐசேயா தாமஸுக்குப் பக்கத்தில் அவர் பெயர் வருமா?

டெட்ராய்டில் இது மிகப் பெரிய கேள்வி. ஐசேயா 1989, 1990 என்று இரண்டு கோப்பை வாங்கிக்கொடுத்தவர். 1988 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், கணுக்கால் சுளுக்கி நொண்டிக்கொண்டே மூன்றாவது குவார்ட்டரில் மட்டும் 25 புள்ளி எடுத்தவர். திறமையில் கன்னிங்ஹாம் அந்த அளவுக்கு வர முடியும் என்று நம்புகிறேன். ஆனால் அந்த ஊரில் கோப்பை இல்லாமல் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயரையும் எழுத மாட்டார்கள், எழுதவும் கூடாது.

சரி, கடைசியாக உங்கள் கணிப்பு என்ன?

சாம்பியன் அணியின் முதல் ஆட்டக்காரராக இருக்க முடியும். அடுத்த நான்கைந்து வருடங்களில் ஆல்-என்பிஏ முதல் அணியில் இரண்டு மூன்று முறையாவது இடம் பிடிப்பார். எம்விபி ஒன்று கிடைக்கலாம், ஆனால் அதற்கு அணி அறுபதை ஒட்டி ஜெயிக்க வேண்டும், தூர ஷாட் 37 சதவீதத்துக்கு வர வேண்டும். லீகிலேயே முதல் ஆள் என்று வருடக்கணக்கில் இருப்பாரா என்றால், மாட்டார் என்றே நினைக்கிறேன். மூன்றிலிருந்து ஆறு வரை உள்ள இடம் அவருடையது. இதைச் சொன்னால் பிஸ்டன்ஸ் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. ஐந்து வருடத்துக்கு முன் 20 ஜெயித்து 52 தோற்ற அணிக்கு இப்படி ஒருவர் கிடைத்திருக்கிறார், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

புதிதாகப் பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

டெட்ராய்டில் நடக்கும் ஆட்டம் குளிர்காலத்தில் பெரும்பாலும் நமக்குக் காலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். முதல் பாதியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, நான்காவது குவார்ட்டரின் கடைசி ஆறு நிமிடம் பாருங்கள். பந்தைப் பார்க்காமல் கன்னிங்ஹாமைத் தடுப்பவரைப் பாருங்கள். ஸ்க்ரீனுக்கு முன்புறமாக வருகிறாரா, பின்புறமாகச் சுற்றுகிறாரா என்று எண்ணுங்கள். பத்தில் எட்டு முறை முன்புறமாக வர ஆரம்பித்துவிட்டால், அவருடைய தூர ஷாட்டுக்கு எதிரணி பயப்படத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மேலே எழுதிய கணிப்பைத் திருத்திக்கொள்கிறேன்.